ஹைட்ரஜன் ரயிலுக்குக் கைதட்டுவோம்... அப்படியே 25,000 மணி நேரக் கணக்கையும் கேட்போம்!



2025 ஜூலையில் சென்னை பெரம்பூர் ஐ.சி.எஃப். வளாகத்தில் ஹைட்ரஜனில் ஓடும் ரயில் பெட்டியைச் சோதித்துப் பார்த்தார்கள். ரயில்வே அமைச்சர் வீடியோ போட்டார். சாயங்காலத்துக்குள்ள நம்ம குரூப் எல்லாத்துலயும் அதே வீடியோ. ஒரு பக்கம் "வேற லெவல்"னு ஃபயர் எமோஜி. இன்னொரு பக்கம் "தண்ணியில வண்டி ஓடுமா, சும்மா பில்டப்"னு கிண்டல். ரெண்டு தரப்புக்கும் ஒரு விஷயத்துல நல்ல ஒற்றுமை. யாருமே ஒரு நம்பர் கூட கேட்கல.

அந்த நம்பரைக் கேட்கத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீயை எடுத்துட்டு வந்து உட்காருங்க.

முதல்ல கைதட்டிடலாம். தலா 1,200 கிலோவாட் சக்தி கொண்ட இரண்டு பவர் கார், நடுவில் எட்டு பயணிகள் பெட்டி. ஹரியானாவின் ஜிந்த்–சோனிபட் தடத்துக்கான வண்டி, சோதனை நடந்தது நம்ம பெரம்பூரில். அகல ரயில் பாதையில் இவ்வளவு பெரிய ஹைட்ரஜன் ரயிலை வேறு யாரும் செய்யவில்லை என்கிறது ரயில்வே. அதில் உழைத்த தொழிலாளர்களுக்கும் இன்ஜினியர்களுக்கும் மனசார வாழ்த்து. அரசியல் வேற, உழைப்பு வேற.

அடுத்து, கிண்டல் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை. இது தண்ணியில ஓடுற வண்டி இல்லை. தண்ணி இதோட புகை. மூலிகை பெட்ரோல் காலத்திலிருந்தே நம்ம ஊருக்கு "ஊத்துனா ஓடணும்"ங்கிற ஆசை இருக்கு, அதனால ஹைட்ரஜன்னு சொன்னதும் அதே ஞாபகம் வருது. ஆனா ஃப்யூவல் செல் என்பது 1839-ல் வில்லியம் குரோவ் செஞ்சு காட்டிய விஷயம். அறிவியல்ல சந்தேகமே கிடையாது. சந்தேகம் வேற இடத்துல இருக்கு. அதுக்கு முன்னாடி அது எப்படி வேலை செய்யுதுன்னு சுருக்கமா பார்த்துடலாம்.

நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். அதுக்குப் பேர் மெம்பிரேன். ரெண்டு பக்கமும் பிளாட்டினம் தூவிய கார்பன் பூச்சு. ஒரு பக்கம் ஹைட்ரஜன், இன்னொரு பக்கம் காற்று. பிளாட்டினத்தில் பட்டதும் ஹைட்ரஜன் புரோட்டானாகவும் எலக்ட்ரானாகவும் பிரியும். கோயில் மாதிரி யோசிங்க. புரோட்டானுக்குச் சிறப்பு தரிசனம், நேரா மெம்பிரேன் வழியாவே உள்ளே போயிடும். எலக்ட்ரான் பொது வரிசையில வெளியே வயர் வழியா சுத்தித்தான் வரணும். அந்தச் சுத்துற எலக்ட்ரான்தான் மின்சாரம். அந்தப் பக்கம் போய் ரெண்டும் ஆக்சிஜனோட சேர்ந்தா தண்ணி. எதுவும் எரியல, பிஸ்டன் இல்லை, புகை இல்லை.

ஒரு செல் வேலை செய்யும்போது கொடுக்கிறது சுமார் 0.6, 0.7 வோல்ட்தான். அதனால நூற்றுக்கணக்கான செல்களை அடுக்கி ஒரு ஸ்டாக் செய்வாங்க. டொயோட்டாவின் முதல் மிராய் காரில் 370 செல்கள் இருந்தன. கல்யாண வீட்டு சீரியல் லைட் மாதிரி எல்லாம் ஒரே வரிசை. ஒண்ணு படுத்தா மொத்த வரிசைக்கும் சிக்கல்.

இங்கதான் விஷயமே ஆரம்பிக்குது. ஃப்யூவல் செல்லை ஓட வைக்கிறது கஷ்டமே இல்லை. இன்னைக்கு மேசை மேல வச்சு ஒரு சின்ன ஃபேனைச் சுத்த வைக்கும் கிட் கடையிலேயே கிடைக்குது. கஷ்டம் என்னன்னா, அது செத்துப் போகாம இருக்கணும். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணி நிறுத்தும்போதும் பிளாட்டினத்தைத் தாங்கிப் பிடிக்கும் கார்பன் கொஞ்சம் அரிக்கும். லோடு ஏறி இறங்க ஏறி இறங்க பிளாட்டினம் கரைஞ்சு, வேற இடத்துல போய் கட்டி கட்டியா சேரும். மெம்பிரேன் ஈரமாகி உப்பும், காய்ந்து சுருங்கும், கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். ஹைட்ரஜனில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தால் பிளாட்டினம் மூச்சு முட்டிப் போகும். வாகனத்துக்கான ஹைட்ரஜனில் அது பத்து லட்சத்தில் 0.2 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது சர்வதேசத் தரம். அதாவது 50 லட்சத்தில் ஒரு பங்கு!

அமெரிக்க எரிசக்தித் துறை, கனரக லாரிகளின் ஃப்யூவல் செல்லுக்கு 2030-க்கு வைத்திருக்கும் ஆயுள் இலக்கு 25,000 மணி நேரம். ராத்திரி பகலா நிறுத்தாம ஓட்டினாலும் இரண்டு வருஷம் பத்து மாசம். ஒரு டிசைனைச் சோதிக்க மூணு வருஷம், மாத்தி இன்னொரு மூணு வருஷம்னு காத்திருக்க முடியாது. அதனால வேகமா வயசாக வைக்கும் சோதனைகள் உண்டு. வோல்டேஜை ஆயிரக்கணக்கான தடவை ஏத்தி இறக்குவாங்க, காய வைப்பாங்க, நனைப்பாங்க, வேணும்னே பட்டினி போடுவாங்க. அதுக்குன்னு தனி டெஸ்ட் ஸ்டேஷன் வேணும். வாயு வர அளவு, ஈரப்பதம், வெப்பநிலை, அழுத்தம் எல்லாத்தையும் மாசக்கணக்கில் அசையாமல் பிடித்து வைக்கும் மெஷின். விலை அதிகம், சத்தம் இல்லை, திறப்பு விழாவில் பக்கத்தில் நின்னு போட்டோ எடுத்தா லைக்ஸும் வராது. அதனாலதான் அதைப் பத்தி யாரும் பேசறதில்லை.

இந்தச் சத்தமில்லாத வேலைதான் மனுஷனை நிலாவுக்குக் கொண்டு போச்சு. பிரிட்டிஷ் இன்ஜினியர் பிரான்சிஸ் பேக்கன் 1932-ல் குரோவின் பழைய யோசனையைக் கையில் எடுத்தார். வேலை பார்த்த கம்பெனியில் "ஆபத்தான சோதனையை நிறுத்து, இல்லைன்னா வேலையை விடு" என்ற நிலை வந்தது. வேலையை விட்டார். எலக்ட்ரோடு அரிக்கும், கசியும், மறுபடி செய்வார். 1959-ல் அவருடைய 5 கிலோவாட் ஃப்யூவல் செல் ஒரு ஃபோர்க்லிஃப்ட்டையும் வெல்டிங் மெஷினையும் இயக்கிக் காட்டியது. 27 வருஷம்! அந்தக் காப்புரிமையை வாங்கி வளர்த்ததுதான் அப்பல்லோ விண்கலத்துக்கு மின்சாரமும் குடிக்கத் தண்ணியும் கொடுத்தது.

நம்ம ஆளுங்களும் சளைச்சவங்க இல்லை. 2024 ஜனவரி 1-ம் தேதி ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி58 ராக்கெட்டின் கடைசிக் கட்டம், பூமியைச் சுத்தும் சோதனை மேடையாகப் பயன்பட்டது. அதில் இஸ்ரோ ஒரு ஃப்யூவல் செல்லை வைத்து 180 வாட் மின்சாரம் எடுத்துக் காட்டியது. ஒரு மிக்ஸி ஓடக்கூட பத்தாதுதான். ஆனா விண்வெளியில் அந்தச் செல் எப்படி நடந்துக்குதுங்கிற சொந்தத் தகவல் இப்ப நம்ம கையில இருக்கு. அதை யாரும் விலைக்குத் தர மாட்டாங்க.

காரைக்குடியை எடுத்துக்கோங்க. 1948-ல் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் செட்டிநாட்டு மண்ணில் வந்த நிறுவனம், மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். புனேவில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகம், காரைக்குடி, கேபிஐடி நிறுவனம் எல்லாம் சேர்ந்த கூட்டு முயற்சியில் உருவான ஸ்டாக், 2020 அக்டோபரில் ஒரு காரை ஓட்டியது. 2022-ல் அந்த வேலை பஸ் வரைக்கும் போச்சு. சென்னை தரமணியில் ஏ.ஆர்.சி.ஐ.யின் ஃப்யூவல் செல் மையம் பல வருஷமா ஸ்டாக் செஞ்சுட்டு இருக்கு. ஐ.ஐ.டி. மெட்ராஸோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஆராய்ச்சி மையத்துக்கு ஹூண்டாய் 180 கோடி ரூபாய் போடுவதாக 2024 உலக முதலீட்டாளர் மாநாட்டில் அறிவிச்சாங்க. காரைக்குடி, தரமணி, பெரம்பூர் மூணும் நம்ம மாநிலம்தான். ஆள் இருக்காங்க, அறிவு இருக்கு.

அப்போ என்ன குறை? பணம் போற திசையைப் பாருங்க.

2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் எலக்ட்ரோலைசர் தயாரிப்புக்கும் ஹைட்ரஜன் உற்பத்திக்கும் ஊக்கத்தொகை 17,490 கோடி. முன்னோடித் திட்டங்களுக்கு 1,466 கோடி. ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டுக்கு 400 கோடி. நூறு ரூபாயில் 88 ரூபாய்க்கு மேல் ஊக்கத்தொகை, ஆராய்ச்சிக்கு இரண்டு ரூபாய். அந்த ரெண்டு ரூபாயிலும் ஃப்யூவல் செல்லுக்குத் தனிப் பங்கு இல்லை. உற்பத்தி, சேமிப்பு, கொண்டு போறது, பயன்படுத்துறது எல்லாம் சேர்த்து அதே ரெண்டு ரூபாய்தான்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். 2024 ஜூலையில் சோதனைக் கூடங்கள், தர நிர்ணயம் ஆகியவற்றுக்காக 200 கோடியில் ஒரு தனித் திட்டத்துக்கு வழிகாட்டுதல் வந்தது. நல்ல விஷயம், வரவேற்கணும். அதையும் கூட்டிப் பாருங்க. நூத்துக்கு மூணு ரூபாய் தாண்டுதா? 3 ரூபாய் 4 பைசா.

ஊக்கத்தொகை வேணாம்னு நான் சொல்லல. ஆனா ஊக்கத்தொகையை வாங்குற கம்பெனி, மெம்பிரேனையும் பிளாட்டினப் பூச்சையும் வெளிநாட்டிலிருந்து இறக்கி இங்கே ஸ்பேனர் பிடிச்சு முடுக்கினால், அதுக்குப் பேர் அசெம்பிளி. செல்போன்ல நாம பார்த்த அதே படம்.

இப்ப அடுத்த கணக்கு. 2025 மார்ச்சில் ஹைட்ரஜன் பஸ், லாரிகளுக்கு ஐந்து முன்னோடித் திட்டங்களை ஒன்றிய அரசு அறிவித்தது. 37 வண்டி, 9 நிரப்பு நிலையம், சுமார் 208 கோடி ரூபாய் உதவி. அந்த 37-ல் ஃப்யூவல் செல் வண்டி 15தான். மிச்சம் 22 வண்டியும் ஹைட்ரஜனை இன்ஜினுக்குள் எரிக்கிற வகை. ரெண்டுக்கும் "ஹைட்ரஜன் வண்டி"ன்னே ஒரே பேர்ல செய்தி வந்தது. மொத்தம் பத்து வழித்தடம். டெல்லி–ஆக்ரா இருக்கு, புனே–மும்பை இருக்கு, பூரி இருக்கு, சூரத் இருக்கு, திருவனந்தபுரம்–கொச்சி இருக்கு. தமிழ்நாட்டுத் தடம் ஒண்ணு கூட இல்லை. வண்டி செய்யும் கம்பெனிகளில் ஒன்று நம்ம சென்னையின் அசோக் லேலண்ட். லாரி நம்ம ஊர்ல பிறக்கும், ஓடிப் பழக வேற மாநிலம் போகணும்!

இது வெறும் "எங்களுக்கும் ஒண்ணு கொடு" சண்டைன்னு யாராவது சொன்னா, இதைக் காட்டுங்க. இந்த வகை ஃப்யூவல் செல் வேலை செய்யும் சூடு 60 முதல் 80 டிகிரி. உள்ளே போற எரிபொருளின் சக்தியில் கிட்டத்தட்ட பாதி சூடாத்தான் வெளியேறணும். டீசல் இன்ஜினில் சூட்டின் பெரும்பங்கை சைலன்சர் வெளியே துப்பிடும். இங்கே வெளியே வர்றது வெதுவெதுப்பான ஈரக் காற்று. அது கொண்டு போற சூடு கம்மி, எல்லாப் பாரமும் ரேடியேட்டர் தலையில். வெளியே 15 டிகிரி இருக்கும் ஜெர்மனியில், 80 டிகிரி ஸ்டாக்குக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 65 டிகிரி. வேலூர்ல மே மாசம் 42 டிகிரி அடிக்கும்போது வித்தியாசம் 38. அதே ரேடியேட்டர் வெளியேத்தக்கூடிய சூடு ஏறக்குறைய நாற்பது சதவீதம் குறைஞ்சு போகும். அதுக்கு மேல ஏத்தத்தில் லோடு லாரி.

கடற்கரை இன்னொரு கதை. உப்புக் காற்றிலிருக்கும் சோடியம் மெம்பிரேனுக்குள் புகுந்தால் புரோட்டான் நிற்க வேண்டிய இடத்தில் அது உட்கார்ந்துக்கும். சிறப்பு தரிசன வரிசையில வழிமறிச்சு உட்கார்ந்த ஆள் மாதிரி. எண்ணூர் பக்கம் போனீங்கன்னா கந்தக டை ஆக்சைடு, லாரி நெரிசலில் நைட்ரஜன் ஆக்சைடு, ரெண்டுமே பிளாட்டினத்துக்கு ஆகாது. வடிகட்டி போடலாம். எந்த வடிகட்டி, எத்தனை நாளைக்கு ஒரு தடவை மாத்தணும்? கொரியாவில் எடுத்த டேட்டாவில் எண்ணூர் காற்று இருக்காது. காரைக்குடி நிலையத்துக்கு மண்டபத்தில் கடலோரமாக ஒரு அரிப்பு ஆராய்ச்சி மையமே இருக்கு. உப்புக் காற்றில் இரும்பு எப்படி அரிக்குதுன்னு பார்த்துப் பழகின கண்ணு அது. அங்கே ஒரு ஃப்யூவல் செல் ஸ்டாக்கை வருஷக்கணக்கில் ஓட விட்டா, உலகத்துக்கே தேவைப்படுற டேட்டா நம்மகிட்ட இருக்கும்.

"தம்பி, பேட்டரி வண்டிதான் வந்துடுச்சே, எதுக்கு இது?"ன்னு ஒரு கேள்வி கண்டிப்பா வரும். சரியான கேள்வி. ஸ்கூட்டருக்கும் காருக்கும் பேட்டரிதான் ஜெயிச்சிருக்கு, அதில் நான் வாதாட மாட்டேன். கரண்டை ஹைட்ரஜனாக்கி, அழுத்தி அடைச்சு, திரும்பக் கரண்டாக்கினால் கையில் மிஞ்சுவது சுமார் மூணுல ஒரு பங்கு. பேட்டரியில் முக்கால்வாசி திரும்ப வரும். 2024 பிப்ரவரியில் கலிபோர்னியாவில் ஷெல் நிறுவனம் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை மூடிட்டுப் போயிடுச்சு. ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலம் 14 ஹைட்ரஜன் ரயில்களோடு 2022 ஆகஸ்ட்டில் உலகமே பார்க்கத் தொடங்கியது. அடுத்த வருஷமே, இனி வாங்குறது பேட்டரி ரயில்தான், ஓட்டும் செலவு அதில் குறைவு என்று சொல்லிட்டாங்க.

நம்ம அகல ரயில் பாதையில் ஏறக்குறைய எல்லாத் தடத்துக்கும் மேலே மின்கம்பி வந்தாச்சு. அங்கே ஹைட்ரஜன் ரயில் எதுக்குங்கிறது நியாயமான கேள்வி. பாரம்பரிய, மலைத் தடங்களில் 35 ரயில், ஒரு ரயிலுக்கு 80 கோடி, தடத்துக்கு 70 கோடின்னு ரயில்வே திட்டம் போட்டிருக்கு. அந்தக் காசு வீணா இல்லையான்னு முடிவு பண்ண ஓட்டும் செலவு, ஸ்டாக்கின் ஆயுள், ஹைட்ரஜன் செலவு மூணும் வேணும். நீண்ட தூர லாரி, படகு, கரண்ட் போனா நிக்கக் கூடாத ஆஸ்பத்திரி, இங்கெல்லாம் ஃப்யூவல் செல்லுக்கு இடம் இருக்கலாம்ங்கிறது என் கருத்து. கருத்துதான். சோதிச்சுப் பார்த்த டேட்டா வந்து "இல்லை"ன்னு சொன்னா, சரின்னு ஏத்துக்கலாம். 400 கோடியில் "இது ஆகாது"ன்னு தெரிஞ்சுக்கிறது, 17,000 கோடி போட்ட பிறகு தெரிஞ்சுக்கிறதைவிட எவ்வளவோ மேல்.

பாதுகாப்பும் இதுக்குள்ளதான் வருது. 2019 ஜூனில் நார்வேயின் ஆஸ்லோ அருகே ஒரு ஹைட்ரஜன் நிரப்பு நிலையம் வெடிச்சது. விசாரணையில் வந்த காரணம், உயர் அழுத்தத் தொட்டியின் மூடியில் சில போல்ட்டுகளைச் சரியான இறுக்கத்தில் முடுக்கலை. அவ்வளவுதான். போல்ட்டைச் சரிபார்க்கத் தெரிந்த டெக்னீஷியன் இல்லாம 9 நிலையம் என்ன, ஒரு நிலையம் திறந்தாலும் பயம்தான். அந்த டெக்னீஷியனை எந்த ஐ.டி.ஐ. உருவாக்கப் போகுது?

நான் படிச்ச காலேஜ்ல ஹைட்ரஜன்–ஆக்சிஜன் ஃப்யூவல் செல் முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில் ஒரு கேள்வி. படம் வரையணும், ரெண்டு சமன்பாடு எழுதணும், மார்க் வாங்கணும். நாலு வருஷத்தில் ஒரு மெம்பிரேனைக் கையில தொட்டதில்லை. ஃபைனல் இயர்ல ஃப்யூவல் செல் ப்ராஜெக்ட் பண்ணணும்னு நாங்க மூணு பேர் போய்க் கேட்டோம். "டெஸ்ட் பண்ண எங்கப்பா போவீங்க? சிமுலேஷன் பண்ணுங்க"ன்னு பதில் வந்தது. சாரைத் தப்பு சொல்ல முடியாது. டெஸ்ட் ஸ்டேஷன் இருக்கிற இடங்கள் மாவட்டத்துக்கு ஒண்ணு இல்லை, மாநிலத்துக்கே விரல் விட்டு எண்ணலாம். நம்ம மாநிலத்தில் நூற்றுக்கணக்கான இன்ஜினியரிங் காலேஜ். அதில் படிக்கிற ஒரு பொண்ணு, அரியலூர்ல இருந்தோ தென்காசியில இருந்தோ, புது வினையூக்கி ஒண்ணு செஞ்சா அதைச் சோதிக்க மாசத்துக்கு ஒரு தடவையாவது ஒரு மெஷின்ல இடம் கிடைக்கணும் இல்லையா?

அதனால நம்ம கோரிக்கை சிம்பிள். அரசு நிறுவனங்களில் மக்கள் காசில் வாங்கின டெஸ்ட் ஸ்டேஷன்களில், வருஷத்தில் இத்தனை மணி நேரம் வெளி மாணவர்களுக்கும் சின்ன கம்பெனிகளுக்கும்னு ஒதுக்கணும். ரயில்வே டிக்கெட் மாதிரி ஆன்லைன்ல புக் பண்ற வசதி போதும். சென்னை–தூத்துக்குடி மாதிரி ஒரு தடம் அடுத்த முன்னோடித் திட்டத்தில் வரணும். சூடு, உப்பு, புழுதி, லோடு நாலும் ஒரே ரோட்டில் கிடைக்கும், சோதனைக்கு அதைவிட நல்ல ரோடு எது? மக்கள் காசில் ஓடுற ஒவ்வொரு ஹைட்ரஜன் வண்டியின் சோதனை முடிவும் பொதுவில் வரணும், நல்லதோ கெட்டதோ. தோத்த டேட்டாவை மறைச்சு வச்சா, அடுத்தவன் அதே குழியில விழுவான்.

அடுத்த தடவை ஹைட்ரஜன் வீடியோ வந்தா ஷேர் பண்ணுங்க, தாராளமா. கூடவே இதைக் காப்பி பண்ணி உங்க தொகுதி எம்.பி.யை டேக் பண்ணிடுங்க:

"ஐயா / அம்மா, இந்த வண்டியின் ஃப்யூவல் செல் ஸ்டாக் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது? ஆயிரம் மணி நேரத்துக்கு வோல்டேஜ் எத்தனை சதவீதம் இறங்கியது? எத்தனை டிகிரி வெயிலில் சோதித்தார்கள்? மெம்பிரேன் எந்த நாட்டில் செய்தது? நாடாளுமன்றத்தில் கேட்டுச் சொல்லுங்கள்."

#சோதனைமுடிவைவெளியிடு #ஹைட்ரஜன்